அம்சா அக்கா காலியா விட்ட கட்டம்

துரைக்கண்ணு வாத்தியார் பேரைச் சொன்னாலே எனக்கு இன்னிக்கும் பத்திக்கினு வருது. ரிட்டயர்டு வாத்தியார், எங்க சர்ச் சபைக்குப் பதினேழு வருஷம் செகரெட்டரியா இருந்தவரு. மன்னிக்கணும், மறக்கணும்னு ஞாயித்துக்கெழமை தவறாம சொல்றாங்க. மன்னிக்கிறவங்க மன்னிக்கட்டும், நான் மாட்டேன். என் பேரு கலையரசி. அம்சா அக்காவுக்கு ஓரகத்தி. அக்கா அதிகமா வாயத் தொறக்காது. அதுக்கும் சேர்த்து நான் தான் பேசணும்.

அக்கா பொறந்தது கண்டாச்சிபுரம் பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவங்க கொல்லையில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கி வயித்தக் கழுவினவங்க. ரெண்டாங்கிளாஸோட பள்ளிக்கூடம் முடிஞ்சு போச்சு. கல்யாணம் கட்டிக்கினு திண்டிவனம் வந்தப்ப அதுக்குத் தன் பேரைக் கூட எழுதத் தெரியாது. படிச்சது எப்படின்னு கேளுங்க. சபையில பாடம் வாசிக்கிறப்ப நான் வேதப்புத்தகத்துல அந்தப் பக்கத்தைத் தொறந்து குடுப்பேன். வாசிக்கிறவரு சொல்லச் சொல்ல அக்கா விரல வெச்சி வரி வரியா ஓட்டிக்கினே வரும். இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்துன்னு தானே கண்டுபுடிச்சுது. எட்டு வருஷம் ஆச்சு. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல.

அதனால தான் துரைக்கண்ணு வாசிக்கிற லட்சணம் அக்காவுக்கு நல்லாவே தெரியும். "வாத்தியாரு நெறைய முழுங்குறாருடி. இன்னிக்கு ரெண்டு வரி காணோம்"னு வீட்டுக்கு வர்ற வழியில சொல்லும். கோவமா இல்ல, குழம்புல உப்பு கம்மின்னு சொல்ற மாதிரி தான் சொல்லும்.

அக்காவுக்கு வேலை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில, ஹவுஸ்கீப்பிங். பொம்பளைங்க வார்டைத் தொடச்சி முடிச்சிட்டு, கேக்குறவங்க பக்கத்துல நின்னு வேதப்புத்தகத்துலேர்ந்து ஒரு சங்கீதம் வாசிக்கும். நெத்தி நெறைய குங்குமம் வெச்ச அம்மாங்க கூட, "அம்சா, நேத்து வாசிச்சியே, அதை இன்னொரு தபா வாசியேன், வலி மறந்தாப்பல இருக்குது"ன்னு கூப்புடுவாங்க. அது வாசிச்சா கத்தாது, இழுக்காது. பக்கத்துல உக்காந்து நம்ம கிட்டயே சொல்ற மாதிரி இருக்கும். அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை தான். சபையில அந்த வாசிக்கிற மேசை கிட்ட நின்னு ஒரே ஒரு ஞாயிறு பாடம் வாசிக்கணும்.

போன வருஷம் புதுசா வந்தாரு பாஸ்டர் அன்புச்செல்வன் ஐயா. சின்ன வயசு. "சபைன்னா நாலு பேரு வேலை செய்ய நானூறு பேரு வேடிக்கை பாக்குற இடம் இல்லீங்க. யாருக்கு எதுல ஆசையோ, ஆண்டவர் யாருக்கு எந்த வரம் குடுத்தாரோ, அதுல ஊழியம் செய்யுங்க"ன்னாரு. ஆளுக்கு ஒரு ஃபாரம் குடுத்தாரு. அதுல ரெண்டு கட்டம். ஒண்ணு ஆசை, ஒண்ணு வரம்.

அக்கா அந்தப் பேப்பரைக் கசங்காம வீட்டுக்கு எடுத்துக்கினு வந்து, கை கழுவிட்டு உக்காந்து எழுதுச்சு. ஆசைங்கிற கட்டத்துல 'வேதபாடம் வாசிக்க'. மறுநாளே விழுப்புரம் போய் கண்ணாடி வேற வாங்கிக்கினு வந்துச்சு. வரம்ங்கிற கட்டத்தை மட்டும் காலியா வுட்டுடுச்சு. "எனக்கு இந்த வரம் இருக்குதுன்னு நானே எழுதிக்கினா திமிரு மாதிரி ஆயிடாதா? பெரியவங்க பாத்து எழுதட்டும்டி"ன்னுச்சு. நானும் புத்தி கெட்டுப்போய், "ஆமாக்கா, அதுவும் சரிதான்"னு தலையாட்டினேன். எங்க பக்கம் அப்படித்தான் வளத்திருக்காங்க. நல்லதை மத்தவங்க சொல்லணும், நாம சொல்லக் கூடாது. அந்த நெனப்புல மண்ணை அள்ளிப் போட!

பெரியவங்க பாத்து எழுதினாங்க. ரெண்டு வாரம் கழிச்சு போர்டுல லிஸ்ட் ஒட்டினாங்க. வேதபாடம்: திரு. துரைக்கண்ணு, செல்வி ஆர்த்தி. ஆர்த்தி அவரு பேத்தி, சென்னையில படிக்குது, ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா வருது. கடைசி வரியில, ஆலய சுத்தம்: திருமதி அம்சா.

நான் நேரா ஆபீஸ் ரூமுக்குப் போனேன். அக்கா முந்தானையப் புடிச்சி இழுத்துச்சு, கேக்கல. ஃபாரத்தைக் காட்டுங்கன்னேன். அக்கா காலியா வுட்ட கட்டத்துல, துரைக்கண்ணு தன் கையெழுத்துல, 'சுத்தம் செய்தல்'.

"ஆஸ்பத்திரியில அதைத் தானேம்மா செய்யறாங்க? ஆண்டவர் குடுத்த வரத்தை இங்கயும் செய்யட்டும். வாசிக்கிறதுன்னா சும்மாவா? அந்த எடத்துல நிக்கிறதுக்கு ஒரு இது வேணும் பாரு"ன்னாரு.

அந்த 'இது' இன்னான்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து தெரியும். பாஸ்டர் ஐயா அங்க தான் இருந்தாரு, தரையில எதையோ தேடுற மாதிரி குனிஞ்சுக்கினாரு.

நாலு மாசம் அக்கா கூட்டுச்சு, தொடச்சிது, கக்கூஸ் கழுவுச்சு. முணுமுணுக்கக் கூட இல்ல. "எப்படிக்கா பொறுத்துக்கினு இருக்கே?"ன்னு கேட்டா, "பொறுத்துக்கினு இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னது?"ன்னுச்சு.

சபை பிரதிஷ்டை நாள் வந்துச்சு. பிஷப் ஐயா வர்றாரு. எங்க சபையில ஒரு வழக்கம். மறுநாள் வாசிக்க வேண்டிய பாடத்தை பாஸ்டர் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுவாரு. சுத்தம் செய்யறவங்க சனிக்கெழமையே பெரிய வேதப்புத்தகத்துல அந்தப் பக்கத்தைப் பாத்து சிவப்பு ரிப்பனை வெச்சிடணும். வாசிக்கிறவரும் வீட்டுல ஒரு தபா வாசிச்சுப் பாத்துட்டு வரணும். துரைக்கண்ணு அந்த வேலையே வெச்சிக்கறதில்ல. ரிப்பன் எங்க கெடக்குதோ அங்க தொறப்பாரு, தலைப்பைச் சொல்லுவாரு, ஆரம்பிச்சிடுவாரு.

சனிக்கெழமை சாயங்காலம் நானும் கூட இருந்தேன். அக்கா சீட்டைப் பாத்துச்சு. ஏதோ ஆலயத்தோட அழகைப் பத்தின சங்கீதம். சீட்டை மடிச்சி ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிக்கிச்சு. பக்கத்தைப் புரட்டிக்கினே போச்சு, ஒரு எடத்துல நின்னுது, ரிப்பனை வெச்சி நீவி வுட்டுச்சு. நான் எட்டிப் பாத்தேன். முன்னாடி வரிசைக்கு அலையுற மதத் தலைவருங்களை இயேசு நடுத்தெருவுல நிக்க வெச்சித் திட்டுற அதிகாரம்.

"அக்கா, வேணாங்க்கா!"

"இன்னா வேணாம்? இதுவும் வேதம் தானே?"ன்னுச்சு.

மறுநாள் கோயில் நெரம்பி வழியுது. துரைக்கண்ணு வெள்ளை ஜிப்பா போட்டுக்கினு வந்தாரு, தொண்டையக் கனைச்சாரு, தலைப்பைச் சொன்னாரு. பாஸ்டர் ஐயா சடக்குன்னு நிமிர்ந்தாரு. ஆனா ஒண்ணும் பண்ண முடியாது. எங்க சபையில பாடத்தை ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது, செத்தாலும் முடிச்சிட்டுத் தான் சாவணும். முதல் நாலு வரி ஜம்முன்னு போச்சு. அப்பால தான் மனுஷனுக்குப் புரிய ஆரம்பிச்சுது. சுமையக் கட்டி அடுத்தவன் தோள்ல ஏத்திட்டுத் தான் ஒரு விரல் கூடக் குடுக்காதவங்க. கடைத்தெருவுல கும்புடு வாங்கறதுக்கு அலையறவங்க. வெளியே மினுமினுன்னு தொடச்சிட்டு உள்ளே அழுக்கா கெடக்குற பாத்திரம். ஒவ்வொண்ணையும் அவரு வாயாலயே அவருக்குச் சொல்லிக்கிறாரு. ஜிப்பா முதுகுல ஒட்டிக்கிச்சு. பின்னாடி வரிசைல பொம்பளைங்க முந்தானையால வாயப் பொத்திக்கினாங்க. எனக்கு வயிறு குளுந்து போச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. பிஷப் ஐயா எழுந்து, எழுதிக்கினு வந்த பிரசங்கத்தை மூடி வெச்சிட்டாரு. "பண்டிகை நாளில் தன் நெஞ்சையே குத்தும் பகுதியைத் தேர்ந்தெடுத்து வாசிக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?"னு துரைக்கண்ணு தோளைத் தட்டி அங்கயே கைய வெச்சிக்கினாரு. அந்தாளு ஒரு நிமிஷம் முழிச்சாரு. ஒரே ஒரு நிமிஷம் தான். உடனே கண்ணுல தண்ணி வுட்டுட்டாரு! "ரெண்டு வாரமா ஆண்டவர் இந்தப் பகுதியில் தான் என்னோடு பேசினார் ஐயா. அதனால் ஒரு தீர்மானம் செய்திருக்கிறேன். நம் எளிய சகோதரி அம்சாவுக்கு வரும் ஞாயிறு முதல் பாடம் வாசிக்க வாய்ப்பு தருகிறேன்"னாரு. கோயிலே கைதட்டுது.

நான் அக்கா தொடையக் கிள்ளினேன். "அக்கா, கெடச்சிடுச்சிக்கா! வாய மூடிக்கினு உக்காரு, அது போதும்."

அக்கா எழுந்து நின்னுச்சு.

"ஐயா, இன்னிக்குப் பாடம் அது இல்லீங்க"ன்னுச்சு. ஜாக்கெட்டுலேர்ந்து சீட்டை எடுத்து நீட்டுச்சு. "பாஸ்டர் ஐயா எழுதிக் குடுத்தது இது. ரிப்பனை மாத்தி வெச்சது நானு. இன்னா வாசிக்கப் போறோம்னு தெரியாமலே அவரு வந்து வாசிச்சாரு. நடுவுல மூணு வரி முழுங்கிட்டாரு. அதையும் சொல்லிடுறேங்க."

புத்தகம் இல்லாமலே சொல்லுச்சு. மூணு வரியையும், வார்டுல சொல்ற மாதிரி நிதானமா, வாத்தியாரு மூஞ்சியப் பாத்துக்கினே. துரைக்கண்ணு நாற்காலிய எட்டிப் புடிச்சிக்கினு உக்காந்தாரு. பிஷப் ஐயா சீட்டை வாங்கிப் பாத்தாரு, அவரு தோள்லேர்ந்து கைய எடுத்துக்கினாரு.

அந்த வாரமே வாத்தியாரு பிரஷருன்னு சொல்லி செகரெட்டரி பதவிய வுட்டுட்டாரு. இப்ப கடைத்தெருவுல என்னைப் பாத்தா எதிர்ப் பக்கம் போறாரு. நான் வேணும்னே அந்தப் பக்கமும் போய், "நல்லா இருக்கீங்களா ஐயா?"ன்னு கேப்பேன். கமிட்டி அக்காவையும் சும்மா வுடல. பரிசுத்த காரியத்துல வெளையாடிட்டான்னு லிஸ்ட்லேர்ந்தே பேரை எடுத்துட்டாங்க. தொடப்பத்தைத் தொடக் கூட உரிமை இல்லையாம்.

பத்து நாள் கழிச்சு பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்தாரு. டீயக் கையில வெச்சிக்கினு குடிக்காமலே உக்காந்திருந்தாரு.

"அம்மா, அன்னிக்கு அந்த மூணு வரிய நீங்க சொன்னதை நான் கேட்டுட்டேன். உங்களை லிஸ்ட்ல போடலைன்னா நான் குடுத்த அந்த ஃபாரத்துக்கு அர்த்தமே இல்ல. கமிட்டி கிட்டயும் பேசிட்டேன். வாத்தியார் கிட்ட எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடுங்க. வர்ற ஞாயிறே நீங்க தான் பாடம்."

நான் மனசுக்குள்ள, கேட்டுடுக்கா, ஒரு வார்த்தை தானேன்னு கெஞ்சிக்கினு இருந்தேன்.

"மன்னிப்பு கேக்குறது எனக்குக் குடுத்த வரத்துல இல்லீங்க ஐயா"ன்னுச்சு.

அவரு பைக் சத்தம் தெருமுனை தாண்டுற வரைக்கும் அக்கா அசையாம நின்னுது. அப்பால முந்தானைய வாயில அடைச்சிக்கினு அழுதுச்சு பாருங்க, லிஸ்டைப் பாத்த அன்னிக்குக் கூட அப்படி அழல.

"இவ்ளோ ஆசைய வெச்சிக்கினு ஏன்க்கா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசிச்சிருக்கலாமேக்கா"ன்னேன்.

"ஆசை சாகலடி கலை. ஆனா அவன் கிட்ட குனிஞ்சி வாங்கி வாசிச்சா, அது அவன் போட்ட பிச்சைடி. வாசிக்காமலே செத்தாலும் சாவேன்."