மொட்டை மாடியில் விளங்கிய பூ

சென்னையில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால் மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க தெருவுல தண்ணி நிக்குதா?" என்பதுதான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கேட்பது, "கிணத்தில தண்ணி ஏறிட்டுதோ?" அங்கே வந்த மழை தங்க வேண்டும், இங்கே வந்த மழை கிளம்ப வேண்டும். அபிராமபுரத்தில் இந்த வீட்டின் மாடிப் பகுதிக்கு வாடகைக்கு வந்து இத்தனை வருடமாகியும் நான் இரண்டில் எதையும் கேட்பதில்லை. மழை விட்டதும் மொட்டை மாடிக்கு ஓடி, பூச்சாடி பூச்சாடியாகக் குனிந்து மொட்டுத் தேடுவேன். மொட்டு வர இரண்டு மூன்று நாளாகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஓடுவேன். ரெயின் லில்லி வளர்ப்பவர்களின் புத்தி அவ்வளவுதான்.

வளர்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழங்கு சின்ன வெங்காயம் அளவுதான், இலை புல் மாதிரி. பூக்காத நாளில் பார்த்தால் களை என்று பிடுங்கி எறிந்துவிடுவீர்கள். கொஞ்ச நாள் மண்ணைக் காயவிட்டு, அதன் பிறகு இடியோடு ஒரு மழை கொட்டினால், சாடி முழுக்கப் பூ நிற்கும். குழாய்த் தண்ணீரை அண்டா அண்டாவாக ஊற்றினாலும் அப்படிப் பூக்காது, அதற்கு மழையையும் கார்ப்பரேஷன் தண்ணீரையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ரோஸ் நிறத்தில் வரிசையாக நின்றது. நானும் அக்காவும் அதை மழைப்பூ என்போம். உலகத்திலேயே எங்கள் கிணற்றடியில் மட்டும்தான் அது இருக்கிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை திருவான்மியூர் நர்சரி ஒன்றில் உடைந்தது. அதே ரோஸ், ஒரு மூலையில் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் நின்றது. சந்தோஷத்தில் ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "தம்பி, இந்தப் பூக்கண்டு என்ன விலை?" என்றேன்.

"இன்னாக்கா கண்டுகினீங்க?" என்று அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கண்டு…"

"அட, செடியா! செடின்னு சொல்லுக்கா. ரெயின் லில்லி அது. வெளிநாட்டுச் சரக்கு, நம்மூரு இல்ல."

எங்கள் கிணற்றடிப் பூவைப் பார்த்து வெளிநாட்டுச் சரக்கு என்கிறாரே என்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்த பூவாம். சரி, நீயும் என் கேஸ்தானா என்று அதை மாடிக்கு ஏற்றினேன்.

கீழ்வீட்டில் இருப்பவர் வீட்டின் சொந்தக்காரர் ஜெயா மாமி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவருடைய காம்பவுண்டுச் சுவர் ஓரமாக மஞ்சள் ரெயின் லில்லி உண்டு. நான் குடிவந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய கையோடு, அந்தச் செடியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதைக் கணக்குச் சூத்திரம் போல வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். பாதி எனக்குப் புரியவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன், "விளங்கேல்லை மாமி."

மாமியின் முகம் சுண்டிவிட்டது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, செடியைப் பாத்துண்டே விளங்கலேன்னு சொல்லலாமோ?"

எங்கள் ஊரில் விளங்குவது என்றால் புரிவது. இங்கேயும் புத்தகத்தில் அந்தப் பொருள் உண்டு. ஆனால் வாயால் சொன்னால் அது உருப்படுவது. 'விளங்காது' என்றால் சாபம். நான் எவ்வளவோ விளக்கினேன். மாமி சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் அந்த வருஷம் அவருடைய மஞ்சள் சரியாகப் பூக்கவில்லை. அதற்குப் பிறகு நான் சுவர்ப் பக்கம் போனாலே, "பாருங்கோ, வாயால மட்டும் ஒண்ணும் சொல்லிடாதேள்" என்பார். பாதி கேலி, பாதி நிஜம்.

இந்த ஊரில் எனக்கு ஒரு குறை உண்டு. வீடு மாமியுடையது. பேச்சில் பாதியை இந்த ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டுவிட்டேன். நானே உண்டாக்கி, இது என்னுடையது என்று காட்ட ஒரு பொருளாவது வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அதனால்தான் இரண்டு பூவையும் சேர்க்கத் துணிந்தேன். ஒரே மழைக்கு மேலே ரோஸும் கீழே மஞ்சளும் பூத்த காலையில், மாமியிடம் கேட்டுக்கொண்டு, மஞ்சள் பூவின் சொந்த மகரந்தத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் ரோஸின் மகரந்தத்தைத் தடவினேன்.

காய் வெடித்ததும் காகிதம் போன்ற கறுப்பு விதைகளை உடனே விதைத்தேன். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இந்தச் செடி பல நேரம் அப்பனைக் கண்டுகொள்ளாது, விதையெல்லாம் தாயின் அச்சாகவே முளைக்கும். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். பூத்தவை ஒவ்வொன்றும் மாமியின் மஞ்சள். "எங்காத்து ரத்தம் அப்படி" என்று மாமிக்கு ஒரே பெருமை. கடைசியில் பூக்காமல் ஒரே ஒரு சாடி மிஞ்சியது. அதுவும் மஞ்சள் என்றால் என் கை செய்தது எதுவுமே இல்லை என்றாகிவிடும்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. தெருவெல்லாம் தண்ணி நிக்குதா என்ற விசாரணை. மூன்றாம் நாள் காலை மாடிக்குப் போனேன். அந்தச் சாடியில் ஒரு பூ விரிந்திருந்தது. மஞ்சளும் இல்லை, ரோஸும் இல்லை. நன்றாகப் பழுத்த பப்பாளியின் நிறம், தொண்டையில் மட்டும் லேசான பச்சை. நான் கத்தின கத்தலில் மாமி முழங்கால் வலியையும் மறந்து மாடி ஏறி வந்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "விளங்கிடுத்துடீ!" என்றார். அதுவரை அவர் என்னை வாங்கோ, போங்கோ என்றுதான் பேசியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமையில் வந்த அழுகை, அதை மறைக்கவும் இல்லை.

"பேர் வெக்கணுமே, என்ன வெக்கப் போறே?"

ஐஸ்கிரீம் குச்சி ஒன்றில் 'விளங்கும்' என்று எழுதிச் சாடியில் குத்தினேன். மாமி குனிந்து வாசித்து, "நல்ல வார்த்தை. இனிமே அமோகமா விளங்கும்" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டு இறங்கிப் போனார்.

பூவையும் குச்சியையும் சேர்த்துப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கிணற்றடி வீட்டில் இப்போதும் இருப்பது அவள்தான். உடனே அழைத்து, பூவின் அழகைத்தான் முதலில் சொன்னாள்.

"சரியான வடிவடி. இது எங்கட மழைப்பூவோ, அவையின்ர பூவோ?"

"ரெண்டும்தான் அக்கா."

"அதென்ன, குச்சியில விளங்கும் எண்டு எழுதிக் கிடக்கு? ஆருக்கு விளங்கும்?"

கீழே மாமி யாரிடமோ போனில், எங்காத்து மாடியில் புதுசாக ஒரு பூ விளங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது படிக்கட்டு வழியே கேட்டது.

"எனக்கு" என்றேன்.