விட்டு வைத்த அங்கணம்

இது கட்டுக்கதை இல்லை. நம்ப முடியாதவர்கள் திருப்பதிக்குப் போய் வேன் டிரைவர் முனிரத்தினத்தையே கேட்கலாம். பதில் சொல்ல மாட்டான். தலையைக் குனிந்துகொள்வான். ஏன் என்று நான் சொல்கிறேன்.

1996. திருப்பதியில் மனை விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்த காலம். பெங்களூர்ப் பணம் வந்து இறங்கும் ஊரில் வேன் ஓட்டுகிறவனுக்கு எங்கே இடம் கிடைக்கும்? ஊர் ஓரத்தில் செல்லியம்மா என்கிற கிழவியின் மனை மட்டும் பாதி விலைக்கு வந்தது. காரணம் இல்லாமல் இல்லை. நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பட்டா அது. விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. நகரிப் பக்கம் அவனுடைய அம்மாவுக்கும் அப்படித்தான் கொஞ்சம் நிலம் கிடைத்தது. ஆகவே, தெரிந்துதான் வாங்கினான்.

அந்தப் பக்கம் மனையை அங்கணக் கணக்கில் அளப்பார்கள். ஆறடிக்கு ஆறடி ஒரு அங்கணம். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற இடம். கிழவி கைநாட்டு வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாம் எட்த்துக்கோ நைனா. எனக்கு ஒரு அங்கணம் மட்டும் வுட்டு வையி. போற வரிக்கும் அங்கியே கெடக்கறேன்."

"சரி ஆயா. வூடு முடியட்டும். நானே வந்து கூட்டிக்கினு வரேன்."

வெதுருகுப்பத்தில் இருந்த அவளுடைய அக்கா மகள் வீட்டுக்குக் கிழவியைப் பஸ் ஏற்றிவிட்டான். அவள் குடிசையைப் பிரித்து, அதே இடத்தில் சமையலறை எழுப்பினான். வாக்குக் கொடுத்தபோதே அவனுக்குக் கூட்டிவரும் எண்ணம் இல்லை. மனைவி கலைவாணியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று காலை ஏழு மணிக்குப் பால் பொங்கியது. சாமிக்கு எடுத்து வைத்த முதல் டம்ளர்... காலி. பூனை என்றார்கள். பூனை குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்குமா?

பிறகு மத்தியான நேரங்களில் ஒரு சத்தம். சர்... சர்... சமையலறைத் தரையை யாரோ கையால் தேய்க்கிற சத்தம். போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. மொசைக் தரையின் மூலையில் ஈரம். வளைவு வளைவாக விரல் தடம். சாணி மெழுகிய வாசனை.

"மாடே இல்லாத வூட்ல ஏதுங்க சாணி?" என்றாள் கலைவாணி.

அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

முறையான பத்திரம் கிடையாது. வீட்டு வரி ரசீது வந்தால்தான், வீடு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதமாவது இருக்கும். அதற்காகப் பஞ்சாயத்து ஆள் பின்னால் நாயாய் அலைந்தான். ஒரு நாள் அவரே வேன் ஸ்டாண்டுக்கு வந்தார்.

"அளந்துட்டேம்பா. பத்தொம்பது அங்கணம் எழுதிக்கிறேன்."

"இருபது சார்."

"இருபதுதான். ஒண்ணைக் கழிச்சுடுன்னு உங்க வூட்டு அவ்வா, அந்த வயசானம்மா சொன்னாங்க. அது அவங்களுதாமே."

"எந்த... அவ்வா?"

"கதவு தெறந்தாங்களே. டேப்போட அந்த முனையப் புடிச்சிக்கினதே அவங்கதான்."

வீட்டுச் சாவி முனிரத்தினத்தின் சட்டைப்பையில் இருந்தது. இன்னொரு சாவியோடு கலைவாணி நகரிக்குப் போயிருந்தாள்.

வண்டியை நேராக வெதுருகுப்பத்துக்கு விட்டான். பேரைச் சொன்னதுமே கிழவியின் அக்கா மகள் பச்சையம்மாள் அவன் யார் என்று புரிந்துகொண்டாள்.

"சின்னம்மா பூட்ச்சிப்பா. போன மாசம் பவுர்ணமி அன்னிக்கி. விடிகாலைல."

கிரகப்பிரவேச நாள்.

"கடேசி வரிக்கும் உன் பேச்சுதான். அந்தப் புள்ள வாக்குக் குடுத்துக்கீறான், எனக்கு எடம் வுட்டு வச்சிருப்பான், போவணும்னு சொல்லிக்கினே இருந்தா. நீ நல்லா இருக்கணும்னும் சொன்னா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் முகத்தைப் பார்க்காமலே வண்டி ஏறினான்.

வீடு திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். கலைவாணி வந்திருந்தாள். சமையலறை வாசலிலேயே நின்றாள். உள்ளே போகவில்லை.

"ஏங்க... இந்த மூலைல பாய் போட்டது யாரு?"

பழைய கோரைப்பாய்.

அந்த வீட்டில் கோரைப்பாயே கிடையாது.

தலைமாட்டில்... கழுவிக் கவிழ்த்த டம்ளர்.

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான்" என்றான்.