பெஞ்சில் உட்கார வைத்தேன்

சென்னையில் ஒரு கம்பெனி அணிக்காகச் சம்பளத்துக்கு ஹாக்கி ஆடியவன் நான். ஆடி ஓய்ந்த பிறகு கள்ளக்குறிச்சியில் கடைசி டிவிஷன் அணி ஒன்றுக்குக் கோச்சாக வந்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், கோர்ட் கிளார்க், கரும்பு போடுபவர் என்று எல்லாரும் பிழைப்புக்கு நடுவில் ஆடுகிறவர்கள். கோச் என்றால் கத்த வேண்டும் என்றுதான் எனக்குப் பழக்கம். கத்துவதில் நான் யாருக்கும் இளைத்தவனில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி லீக் ஆட்டம். டிரா செய்தால் போதும், டிவிஷனில் தங்கிவிடலாம். தோற்றால் வெளியே போக வேண்டியதுதான், எங்களுக்குக் கீழே வேறு டிவிஷன் கிடையாது. வெளியே போனால் அணியைக் கலைத்துவிடுவதாக, ஜெர்சி வாங்கித் தருகிறவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் மைதானம் கல்வராயன் மலைக்குப் போகும் ரோட்டோரத்து மண் தரை. ஆட்டத்தன்று விடியற்காலையில் புழுதி அடங்க லேசாகத் தண்ணீர் தெளிப்போம். அது கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடும் எங்கள் ஃபுல்பேக்கின் வேலை. பக்கத்து நிலமும் கிணறும் அவருடையவை. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, என்னைவிட ஏழெட்டு வயதுதான் சின்னவர்.

ஏழு மணிக்கு நான் போனபோது மைதானம் நாற்று நடத் தயாராக இருந்தது.

"யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?"

"மூணு பேஸ் வந்துச்சி சார். கரண்ட் இருக்கும்போது மோட்டார எப்படிங்க நிறுத்தறது? மனசு வரல. ஓடிக்கினு இருக்கட்டும்னு மாட்டுல பால் கறக்கப் போயிட்டேன்."

மோட்டார் ஓட்டும் கரண்ட் நேரங்கெட்ட நேரத்தில் வரும், சொல்லாமல் போகும். இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கத்து விவசாயி மோட்டாரை நிறுத்த மாட்டார். அது அவர் கையில் ஊறிய பழக்கம். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் நான் இல்லை.

ஆட்டத்துக்குக் குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தரை சரியாகாவிட்டால் வந்த அணிக்கே வெற்றி. அதுதான் லீக் விதி. அவரே டிராக்டரை எடுத்துக்கொண்டு ரைஸ்மில்லுக்கு ஓடி உமி மூட்டைகளோடு வந்தார். நாங்கள் பக்கெட்டில் தண்ணீரை இறைத்துக் கொட்டினோம், உமியைப் பரப்பினோம், மண்ணைப் போட்டு மிதித்தோம். அம்பயர் ஷூ முனையால் தரையைக் குத்துவார், கடிகாரத்தைப் பார்ப்பார், நகர்வார். ஐம்பது நிமிடம் ஆனபோது அவர் தலையாட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பத்துப் பேர் முன்னால் ஃபுல்பேக்கைக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கி நீ ஆடல. பெஞ்சில போய் உக்காரு. எனக்கு ஹாக்கி ஆடறவன் வேணும், தண்ணி பாய்ச்சறவன் வேணாம்."

"சரிங்க சார்" என்றார். முழங்கால் வரை சேறு.

உண்மையைச் சொன்னால் அந்த ஈரம் எங்களுக்குத்தான் உதவியது. செயற்கைத் தரையில் ஆடிப் பழகிய எதிரணிக்குக் கால் வழுக்கியது. முதலில் கோல் போட்டது நாங்கள்தான். பாதி ஆட்டம் முடிவதற்குள் அவர்கள் சமன் செய்தார்கள். அதன் பிறகு பந்து எங்கள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

பத்து நிமிடம் இருந்தபோது, கேப்டனான கோர்ட் கிளார்க் கோட்டோரம் ஓடி வந்தார்.

"சார், அண்ணன உள்ள வுடுங்க. பெனால்டி கார்னர் குடுத்துட்டாங்கன்னா அவரில்லாம முடியாது."

பெனால்டி கார்னரில் எங்களில் ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பந்து உள்ளே வந்ததும் ஒருவர் அடிப்பவரை நோக்கி நேராகப் பாய வேண்டும். அடி உடம்பில் விழும். அப்படிப் பாய எங்களிடம் இருந்தது அவர் ஒருவர்தான்.

"நான் பாத்துக்கறேன், நீ ஆடு" என்றேன்.

நான் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். கூப்பிட வாய் வரவில்லை. உட்கார வைத்தவனே கூப்பிட்டால் என் பேச்சுக்கு என்ன மரியாதை என்று நினைத்தேன். ஒன்பது நிமிடம் அப்படியே போனது.

விசில் அடித்தது. அவர்களுக்குப் பெனால்டி கார்னர்.

"ஆள் மாத்தணும்!" என்று கத்திக்கொண்டு மேஜைக்கு ஓடினேன். அவர் ஸ்டிக்கோடு எனக்கு முன்னால் போய் நின்றிருந்தார்.

மேஜையில் இருந்த அதிகாரி கையை விரித்தார். "கார்னர் குடுத்தாச்சு சார். அது முடியற வரைக்கும் மாத்த முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பதினைந்து வருடம் ஆடியவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆட்டோக்காரர் பாய்ந்தார். அரை அடி தாமதம். பந்து கோலுக்குள் போய்ப் பலகையில் மோதிய சத்தம் கேட்டது, ஆட்டமும் முடிந்தது.

சிலர் உமியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் நடுவில் போய் நின்று ஃபுல்பேக் கைகூப்பினார்.

"என்னாலதான்பா போச்சு. அந்த மோட்டார நிறுத்தியிருந்தா நான் உள்ள இருந்திருப்பேன். எல்லாரும் மன்னிச்சிக்குங்க."

கேப்டன் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தப்பு என்னுடையது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"பரவால்ல, வுடு" என்றேன், பெரிய மனசு பண்ணுகிறவனைப் போல.

ஃபுல்பேக் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.