முடியாது என்பதற்கு ஒரு கையெழுத்து

போன ஞாயிறு, நண்பருக்குப் பெண் பார்க்கப் பாகலூர் போனேன். நண்பர் கிருஷ்ணகிரி பக்கம் கம்ப்யூட்டர் பேராசிரியர். வயது முப்பத்தாறு. இதற்கு முன் மூன்று வீடுகளில் கேசரி சாப்பிட்டிருக்கிறார். மூன்றிலும் கேசரியோடு சரி!

காரணம், அவருடைய ஆராய்ச்சி. எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள்... இவரும் சொல்லித் தொலைக்கிறார்.

பெண்ணின் அப்பா ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவரும் கேட்டார். சில கணக்குகளை எவ்வளவு பெரிய கம்ப்யூட்டராலும் வேகமாகப் போட முடியாது, அவை எவை என்று பார்ப்பதுதான் தன் வேலை என்றார் நண்பர்.

"முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு வேலையா? எங்க ஷிப்ட்ல அப்படிச் சொன்னா கேட்டோட அனுப்பிருவாங்க தம்பி."

நாலாவது கேசரி என்று எண்ணிக்கொண்டேன்.

நண்பர் விடவில்லை. உங்களுக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்டார். பன்னிரண்டு மெஷின், நாற்பது ஜாப். எதை எதில் முதலில் ஏற்றுவது என்று தினமும் வரிசை போட வேண்டும். எப்படிப் போட்டாலும், 'இதைவிடச் சீக்கிரம் முடிகிற வரிசை இல்லையா?' என்று மேனேஜர் திட்டுவாராம்.

நண்பர் முகம் மலர்ந்தது. அவர் ஆராய்கிற கணக்கே அதுதான்! ஆகச் சிறந்த வரிசையைச் சட்டென்று கண்டுபிடிக்கும் வழி உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றார்.

அப்பா உள்ளே போய் மனைவியிடம் தெலுங்கில் கிசுகிசுத்தார். இந்தப் பக்கம் ரகசியம் பேச மூன்று மொழிகள் உண்டு. மூன்றும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் காதிலும் விழுந்தது: பதினோரு வருஷமாகத் திட்டு வாங்கியது தன் தப்பே இல்லையாம்!

திரும்பி வந்தார். "தம்பி, இது முடியவே முடியாதுன்னு உங்க லெட்டர்பேடுல எழுதி, ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. மேனேஜர் மூஞ்சில காட்டணும்."

நண்பரின் காலை மிதித்தேன். ஒரு கையெழுத்து... கல்யாணம் முடிந்தது!

"போட முடியாதுங்க. இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல, அவ்வளவுதான். முடியவே முடியாதுன்னு யாரும் நிரூபிக்கல."

"அப்ப முடியுமா?"

"அதையும் யாரும் நிரூபிக்கல."

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த பெண் அப்போதுதான் முன்னால் வந்தார். வேறொரு கம்பெனியில் தரப் பரிசோதகர். மாதக் கடைசியில் லாரி கேட்டில் நிற்கும். அளந்தே பார்க்காத பெட்டிக்கு 'ஓகே' கையெழுத்துக் கேட்டு மேலேயிருந்து போன் வரும். போட மறுத்து இரண்டு முறை செக்ஷன் மாற்றப்பட்டவராம்.

"ப்பா, பொண்ணு பாக்க வந்த எடத்துலகூட தெரியாததுக்குக் கையெழுத்து போட மாட்டேங்கறாரு. எனக்குச் சரி."

தை மாதம் திருமணம். ரிஜிஸ்டரை இருவரும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள்... பந்தியில் சாம்பார் ஆறாமல் இருந்தால் சரி.