பவுடர் அறையின் ஈரம்

எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு மருந்துக் கம்பெனியில் எனக்கு மெயின்டெனன்ஸ் வேலை. ஊசி மருந்துப் பவுடரைக் குப்பிகளில் நிரப்பும் அறையின் காற்றை உலர்வாக வைத்திருப்பது என் பொறுப்பு. கொஞ்சம் ஈரம் ஏறினாலும் பவுடர் கட்டி தட்டிவிடும். அப்புறம் ஒரு குப்பியில் அதிகமாக விழும், அடுத்ததில் குறையும். மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான்.

ஈரத்தை உறிஞ்சும் மெஷின் பழசு. வெயில் காலத்தில் எப்படியோ ஓடியது. மழை பிடித்துக்கொண்டதும் ஈரத்தைக் காட்டும் மீட்டர் ஏறத் தொடங்கியது. ஃபில்டர் மாற்றினேன். கதவிடுக்குகளில் புது ரப்பர் ஒட்டினேன். அன்றைக்கு இறங்கும், மறுநாள் மறுபடியும் ஏறும்.

அந்த அறையில் வேலை செய்த ஒரு பெண் காக்ஸ் டவுனில் எங்கள் பின்தெருவில் குடியிருந்தாள். காண்ட்ராக்ட் ஆள். கணவன் இல்லை, பள்ளியில் படிக்கும் மகள் மட்டும். எனக்கும் அவளுக்கும் ஒரே கம்பெனி பஸ். உலர்காற்றில் நின்று நின்று அவள் உதடு எப்போதும் வெடித்திருக்கும். ஆனாலும், "அந்த ரூம்ல ஒரு நிம்மதிண்ணா. ஃபோன் வராது, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க," என்பாள்.

அடுத்தடுத்து பேட்ச்சுகள் வீணாயின. மேனேஜரிடம் போய் நின்றேன்.

"சார், மெஷினை மாத்தினாதான் ஆகும்."

"எனக்குத் தெரியாதாப்பா? மேல கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. இந்த வருஷம் ஆகாதுன்னுட்டாங்க." மீட்டர் ரீடிங் எழுதும் நோட்டைப் புரட்டினார். "உள்ள ஆளைக் குறைச்சுப் பாக்கலாம். மனுஷன் மூச்சு விட்டாலே ஈரம்தானே?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஓராள் குறைவதால் அந்த மெஷினுக்கு எதுவும் ஆகப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். மேலே ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. காண்ட்ராக்ட் ஆள் என்பதால் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் மூச்சு விட்டதாலயாண்ணா?"

"இல்லம்மா. மெஷின் சரியில்ல."

"அப்போ மெஷினைத்தானே வெளிய அனுப்பணும்?"

சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் பஸ் வெகுநேரம் நின்றது. அவள் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தாள். தூங்கவில்லை.

மறுநாள் மீட்டர் இறங்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பவுடர் நிரப்பும் அந்த லைனையே மூடி, வேறு ஊரிலிருந்த ஃபேக்டரிக்கு மாற்றிவிட்டார்கள். என்னை ஆபீஸ் ஏசி பார்க்கப் போட்டார்கள். தெரிந்த இரண்டு கம்பெனிகளில் அவளுக்காகக் கேட்டேன். சின்ன வயசுப் பிள்ளைகள்தான் வேண்டுமாம். ஃபோனில் சொன்னபோது, "சரிண்ணா, பரவால்ல," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

சில வாரங்கள் கழித்து அவள் தெரு வழியாகப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கதவில் வாடகைக்கு என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று வந்தது.