ஜெர்மன்காரரின் வண்டியும் பிரிசேய்தாவின் எடையும்

பிரிசேய்தாவிடம் எதைப் பற்றியும் பேசலாம், எடையைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. எடை பார்க்க ஏறச் சொன்ன நர்ஸிடம், "முதல்ல உங்க மெஷின ரிப்பேர் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

பனாமாவின் கொலோன் துறைமுகத்திலிருந்து கப்பலில் வண்டி அனுப்புவது அவள் தொழில். வடக்கிலிருந்து படுக்கை, அடுப்போடு வேனை ஓட்டிக்கொண்டு வருபவர்களுக்கு எங்கள் பனாமாவோடு சாலை தீர்ந்துவிடும், அப்பால் காடு. வேனைக் கன்டெய்னரில் காட்டுக்கு அந்தப் பக்கமுள்ள கார்த்தஹேனா துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, ஆட்கள் விமானத்தில் போய் அங்கிருந்து மறுபடி ஓட்டுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டியைக்கூட அவள் கரையில் விட்டதில்லை. இதைத் தினமும் சொல்வாள். அவளுக்குக் கார் ஓட்டும் எனக்குக் காது புளித்துவிட்டது. "நீங்களும் கூட வாங்களேன்" என்று கூப்பிடாத பயணி கிடையாது. "அடுத்த தடவை" என்பாள். கார்த்தஹேனாவை அவள் பார்த்ததே இல்லை.

எந்த வண்டியையும் தானே டேப் பிடித்து இரண்டு முறை அளப்பாள். ஹார்ட்மூட் வந்தபோதுதான் சறுக்கினாள். ஓய்வுபெற்ற பொறியாளர், வேனின் உயரத்தை மில்லிமீட்டர் வரை தட்டச்சு செய்து நீட்டினார்.

"ஜெர்மன்காரன் அளவுல தப்பு வருமாடா, டீடிமோ?" என்றாள் என்னிடம். டேப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

ஏற்றுகிற அன்று வேனின் கூரை கன்டெய்னர் வாசலில் டங்கென்று இடித்தது. நாலு மணிக்கு கன்டெய்னரை மூடி சீல் வைத்துவிடுவார்கள். கப்பலில் அடுத்த இடம் ஒரு மாதம் கழித்துத்தான்.

"ஒரு மாதம் நான் இருக்க மாட்டேன். ஊருக்கே, பிரேமனுக்கு விமானம் ஏறிவிடுவேன்" என்றாள் ஹார்ட்மூட்டின் மனைவி அன்னக்ரேட், புத்தகத்தில் படித்த ஸ்பானிஷில்.

பிரிசேய்தா ஹார்ட்மூட்டைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப அளந்தீங்க?"

"ஊரில். சாமான், தண்ணீர் எல்லாம் நிறைத்து."

"இப்ப சாமானெல்லாம் எங்க?"

"போதைப்பொருள் தேடும் மோப்ப நாய் சோதிக்க வசதியாக இருக்கட்டுமென்று நேற்றே தானம் செய்துவிட்டேன். தண்ணீரையும் இறக்கிவிட்டேன்" என்றார் பெருமையாக.

பாரம் போனதும் ஸ்பிரிங் நிமிர்ந்து, வண்டி வளர்ந்துவிட்டது. டயரில் காற்றை இறக்கிப் பார்த்தோம். இன்னும் ஒரு விரல் உயரம் இடித்தது.

"வாசலத் தாண்டிட்டா போதும், உள்ள உயரம் இருக்கு" என்றார் சுமை மேஸ்திரி ரொகேலியோ. "ஆளுங்க ஏறி உக்காந்தா இறங்கும். நல்ல கனமான ஆளா வேணும்." சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். மணி மூன்றே முக்கால்.

"என்னடா அங்க தெரியுது? விமானமா?" பிரிசேய்தா கைப்பையை என் கையில் திணித்தாள். "அளக்காம விட்டது நான். நானே ஏறுறேன். எவனாவது சிரிச்சீங்க, நாளையிலிருந்து நான் தினமும் கொண்டு வர்ற காபி உங்களுக்குக் கிடையாது."

அன்னக்ரேட்டும் நானும் இரண்டு சுமையாட்களும் முதலில் ஏறினோம். வண்டி லேசாக அசைந்தது. பிரிசேய்தா ஏறிப் பின்படுக்கையில் உட்கார்ந்தாள். வண்டி பணிந்தது.

"அப்படியே இருங்கக்கா, மூச்சு விடாதீங்க!" என்று ரொகேலியோ கத்தினார்.

"மூச்சுக்கு என்னய்யா எடை?" என்றாள் அவள். ஹார்ட்மூட் ஆமை வேகத்தில் ஓட்டினார். கூரை நகக்கண் இடைவெளியில் வாசலைத் தாண்டியது. அன்னக்ரேட் பிரிசேய்தாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பிரேமன் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பின்கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்கினோம். பிரிசேய்தா மட்டும் படுக்கையில் அப்படியே இருந்தாள். குட்டித் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். வெளியே கன்டெய்னர் தகரம்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாலாகப் போகுது, சீல் வைக்கணும்" என்றேன்.

"வைக்கச் சொல்லுடா," என்றாள் திரும்பாமல். "நான் இப்படியே கார்த்தஹேனாவுக்குப் போயிட்டு வர்றேன்."

காபி போனாலும் போகட்டும் என்று சிரித்திருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.