பச்சை மையில் நான் எழுதிய வரி

ஹபீபின் வேலையைப் பறித்தவன் நான்தான். அவன் எழுதிய நிரலில் பிழை இருந்தது என்று ஆலையில் எல்லோரும் நம்புகிறார்கள். பிழை இருந்தது உண்மை. அதை எழுதச் சொன்னவன் நான். சொன்ன அன்று மாலைக்குள் அது பிழை என்று தெரிந்துகொண்டவனும் நான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஒரு சந்து கிடைத்திருந்தால், இதை உங்களுக்கு எழுதியே இருக்கமாட்டேன்.

அரசுத் துறை ஒன்றின் கணினிப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டுப் பெரம்பலூரில் ஓய்வாக இருந்தேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை வாரத்துக்கு இரண்டு நாள் என்னைக் கூப்பிட்டது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. பதவியின் பெயர் மறுஆய்வாளர். மற்றவர் எழுதும் நிரலைப் படித்துக் குறை சொல்வது என் வேலை. எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

போன முதல் மாதமே இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு நடைமுறை விதித் தொகுப்பு எழுதிக் கொடுத்தேன். கணினி அறையில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர்.

ஹபீப் பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிகாட்டுக்காரன். முப்பத்து நான்கு வயது. துபாயில் ஒரு நிறுவனத்தில் கணினி வேலை பார்த்தவன். விடுப்பில் வந்த இடத்தில் இந்த ஆலை அவனைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. புதிய ஏற்பாடு சரியாக ஓடினால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். நிரந்தரமானால் திரும்பிப் போகவேண்டாம். மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் ஊரிலேயே இருக்கலாம். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தப் புதிய ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலையின் பழைய கணினிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு பெரிய கணினி. அதற்குள் பல கணினிகள் தனித்தனியே இருப்பதாகப் பாவனை. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். நான் உள்கணினி என்கிறேன்.

உள்கணினிக்குக் கண் கிடையாது. வெளியே என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று யாராவது பட்டியல் எழுதிக் கொடுக்கவேண்டும். இவ்வளவு நினைவகம், இந்த வட்டு, இந்த இணைப்பு முனை... பட்டியலில் கண்டதெல்லாம் தனக்கே சொந்தம் என்று அது நம்பிவிடும். பெரிய கணினியின் முழு விவரத்தையும் படித்து, அதிலிருந்து ஒவ்வோர் உள்கணினிக்கும் ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் நிரலை ஹபீப் எழுதினான்.

உள்கணினிகள் இரண்டு. ஒன்று, சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு. மற்றொன்று ஆய்வகத்துக்கு.

என் விதிப்படி நிரலைத் தாளில் அச்சிட்டுத்தான் தரவேண்டும். நான் அதில் பச்சை மையில் எழுதுவேன். அதிகாரியாக இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான சான்றிதழ் நகல்களில் அதே மையில் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறேன். அசலில் இருப்பதில் ஓர் எழுத்து நகலில் விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தக் கண்ணோடுதான் ஹபீபின் நிரலையும் படித்தேன்.

ஆய்வகத்துக்குப் போகும் பட்டியலில் எடைமேடையின் இணைப்பு முனை இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தான்.

"இதை ஏன் விட்டிருக்க?" என்றேன்.

"அத லேப் மெஷினுக்குக் காட்டவே கூடாதுங்க சார். காட்டினா தனக்குன்னு எடுத்துக்கும்."

"அசல்ல இருக்கிறது நகல்ல இல்லைன்னா அதுக்கு என்ன பேரு தெரியுமா? மோசடி."

"இது நகலு இல்லீங்க சார். பந்தி மாதிரி வச்சுக்குங்க. அவங்கவங்க எலையில வக்கிறதுதான் அவங்கவங்களுக்கு."

பக்கத்து மேசையிலிருந்த இருவர் சிரித்துவிட்டார்கள். ஹபீப் சிரிக்கவில்லை. அதனால் என்ன? எனக்குக் கேட்டது சிரிப்பு.

பேனாவைத் திறந்தேன். 'அசலில் உள்ள அனைத்தும் நகலில் இருத்தல் வேண்டும். விடுபட்டதைச் சேர்க்கவும்.' கையொப்பம். தேதி.

அவன் தாளைப் படித்தான். என்னைப் பார்த்தான். "சரிங்க சார்" என்றான். என் கையொப்பம் இல்லாமல் அந்த நிரல் ஓர் அடி நகராது. அதுவும் என் விதிதான்.

அன்று பிற்பகல் அரியலூர் பேருந்து நிலையத்தில் பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன் இருக்கையில் ஒரு துண்டு கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒருவர் உட்கார்ந்தார். துண்டுக்காரர் வந்துவிட்டார்.

"எந்திரிங்க. துண்டு போட்டிருக்குல்ல?"

"துண்டக் கேட்டா ஏறினேன்? இந்த சீட்டு காலின்னு கண்டக்டர் சொன்னாரு."

"எங்கிட்டயும் அவருதான் சொன்னாரு."

"அப்ப போயி அவரு மடியில ஒக்காருங்க."

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்... சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ நின்றுபோனது. ஒரே இடத்தை இருவருக்கும் காட்டியவன் கண்டக்டர். ஹபீப் சொன்னதும் அதுதானே? எடைமேடையின் முனையை இரண்டு உள்கணினிகளுக்கும் காட்டினால் இரண்டும் உட்காரப் பார்க்கும்.

புரிந்துவிட்டது. பஸ் அரியலூரைத் தாண்டுவதற்குள் முழுவதும் புரிந்துவிட்டது. ஏற்பாடு ஓடத் தொடங்கப் பத்து நாள் இருந்தது. ஒரு வரியை அடிக்கப் பத்து நாள்!

ஏன் அடிக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அடித்தால், பச்சை மையை அதே பச்சை மையால் அடிக்கவேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பார்கள். ஹபீப் ஒன்றும் சொல்லமாட்டான். அது இன்னும் மோசம். சோதனையில் தானாகத் தெரியட்டும், அப்போது திருத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

சோதனையில் தெரியவில்லை. ஒவ்வோர் உள்கணினியையும் தனித்தனியே ஓட்டித் தனித்தனியே கையொப்பம் பெறவேண்டும் என்று விதித்திருந்தேன். தனியாக ஓடும்போது சண்டைக்கு ஆள் இல்லையே. இரண்டும் தேர்ச்சி. இறுதித் தாளிலும் கையொப்பமிட்டேன்.

அன்றுதான் ஹபீப் என்னிடம் வந்து நின்றான்.

"சார், ஒங்கள ஒண்ணு கேக்கணும். வெளிய வந்து ஆறு மாசம் ஆகப்போகுது. இந்த வாரம் திரும்பலேன்னா துபாய் விசா செத்துப்போயிடும். எங்க அத்தா, சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கன்னாங்க. விட்டுடலாங்களா?"

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும், எனக்கு இன்னொரு வாய்ப்பு தேடி வந்து எதிரே நின்றது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டாச்சுப்பா. அப்புறம் என்ன பயம்? விட்டுடு."

விட்டுவிட்டான்.

அடுத்த வாரம் இரண்டு உள்கணினிகளும் முதன்முறையாகச் சேர்ந்து ஓடின. ஆய்வகத்தின் மென்பொருள் விழித்தவுடன் தன் பட்டியலில் கண்ட முனைகளையெல்லாம் தட்டிப் பார்த்துத் தராசு எங்கே என்று தேடும் வழக்கமுள்ளது. எடைமேடையின் முனையைக் கண்டது, கேட்கத் தொடங்கியது. எடைக்கருவி அனுப்பிய இலக்கங்களில் பாதி அங்கே போயின. வெளியே கருவியில் ஐந்து இலக்கம், உள்ளே திரையில் இரண்டோ மூன்றோ.

"கல்லு காத்துல கரைஞ்சு போச்சாய்யா? பாதிய எங்கய்யா காணோம்?" என்று ஒரு லாரி ஓட்டுநர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஆலை வாசலிலிருந்து சாலை வரை லாரிகள் நின்றன. உலைக்குக் கல் போகவில்லை. மாலையில் உலையை நிறுத்தவேண்டி வந்தது. சிமெண்ட் ஆலையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

மறுநாள் மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். "இந்த வரி யார் எழுதினது?"

"நான் எழுதினதுதாங்க. சார் பாத்துட்டு சேக்கச் சொன்னாங்க" என்றான் ஹபீப். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னான்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா சார்?"

என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். "மறுஆய்வாளர் கருத்து மட்டும்தான் சொல்வார். அதை ஏற்பதும் விடுவதும் எழுதியவர் பொறுப்பு. ஏழாம் பிரிவில் இருக்கிறது."

"அந்தத் தாள் இருக்கா?"

"இறுதி ஏற்புக்குப் பிறகு மறுஆய்வுத் தாள்களை அழித்துவிடவேண்டும். பதினொன்றாம் பிரிவு. அழித்துவிட்டேன்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் விதிப்படி. விதி என் கையெழுத்தில் இருந்தது.

ஹபீப் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை உங்களுக்கு விவரிக்கப்போவதில்லை. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

அந்த வாரமே அவனை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு வரியை எடுத்ததும் எல்லாம் சரியாக ஓடியது. எடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதியவன் நான். என் கூர்மையைப் பாராட்டி ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டு நீட்டித்தார்கள்.

மறு ஆண்டு ஒரு காலை, ஆலைக்குப் போகப் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் நின்றேன். தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"சிமெண்ட் பேக்டரி சார்தானே? நான் ஹபீப்போட அத்தாங்க. பைய போட்டோவுல காட்டியிருக்கான்."

தப்பிக்க வழி தேடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பைய இப்ப சவுதியிலங்க. கம்ப்யூட்டரு வேல இல்ல, குடோன்ல சரக்கு எறக்குறான். லோடிங் விசாதான் கெடச்சுது. போயி மாத்திக்கலாம்னு ஏஜெண்டு சொன்னான். மாத்த விடலையாம். முதுகு வலிக்குதுங்கறான் பாவம்."

கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"நீங்க அவனுக்காக மேனேஜருகிட்ட எவ்வளவோ பேசிப் பாத்தீங்களாமே. பைய சொன்னான். சார் மட்டும் எம்பக்கம் நின்னாங்க அத்தான்னு. அல்லா ஒங்கள நல்லா வச்சிருக்கணும்."

ஏன் அப்படிச் சொன்னான்? விசாவை விடச் சொன்னவனையே நம்பிக் கெட்டோம் என்று தகப்பன் மனம் உடையக்கூடாது என்றா? தன் ஏமாளித்தனத்தை மறைக்கவா? அல்லது, என்னை இப்படித்தான் தண்டிக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா...

அந்தக் கணத்திலாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெரியவர் என் முகத்தில் துப்பியிருப்பார். அது முடிந்த கணக்காகப் போயிருக்கும்.

"ஆமாங்க, பேசிப் பார்த்தேன். முடியலை" என்றேன்.

அவர் கண் கலங்கியது. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "இப்ப அங்க வெள்ளனவா இருக்கும், எந்திரிச்சிருப்பான். நம்பர் போடட்டுங்களா? ஒரு வார்த்த பேசுங்க சார். சந்தோஷப்படுவான்."

"என் பஸ் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, எதிரே கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் கைப்பேசியைக் காதில் வைத்துச் சிரித்தபடி என் திசையில் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அது திருச்சி பஸ். கண்டக்டர் கேட்டதும் வழியிலுள்ள பாடாலூருக்குச் சீட்டு வாங்கினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.